வெயிலூரில் பிறந்தால் மட்டும் போதாது

இந்தக் கத்திரியில், இங்கே வேலூரில், வெயில் தாக்கி என்னிடம் வந்த நோயாளிகளில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

வயது முப்பத்தொன்று. பெங்களூரு கம்பெனி வேலையைச் சத்துவாச்சாரி வீட்டிலிருந்தே பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பழைய கூட்டாளிகள் கூப்பிட்டார்கள் என்று பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடப் போயிருக்கிறார், பதினோரு மணிக்கு. ஒன்றரை மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் உளறல். டூவீலரில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். தெர்மாமீட்டர் 105ஐக் காட்டியது. குளிர்வித்துக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிழைத்துவிட்டார்.

மறுநாள் அவருடைய அம்மா கேட்டதைத்தான் நான் வருடம் முழுக்கக் கேட்கிறேன். "டாக்டர், இவன் இங்கேயே பொறந்து வளர்ந்தவன். இவனுக்கு வெயில் புதுசா?"

புதுசுதான் அம்மா.

வெயில் பழகிய உடம்பு என்பது பிறப்புச் சான்றிதழோடு வருவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டில் புழங்கினால் ஏழு முதல் பதினான்கு நாளில் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. வேர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கும். அந்த வேர்வையில் உப்பு குறைவாகப் போகும். இரத்த ஓட்டத்தில் நீர் கூடும், இதயம் பதறாமல் வேலை செய்யும். புழங்குவதை நிறுத்தினால் சில வாரங்களில் இதெல்லாம் போய்விடும். நீச்சல் மாதிரி ஒருமுறை கற்றால் ஆயுளுக்கும் நிற்கிற விஷயம் இல்லை. பட்டா நிலம் என்று நினைக்கிறீர்கள். இது மாதா மாதம் வாடகை கட்ட வேண்டிய வீடு. இரண்டு மாதம் முன்பு ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையனின் உடம்பு, இந்தத் தம்பியின் உடம்பைவிட வேலூர்க்கார உடம்பு. இன்னும் எத்தனை முறை சொல்வது!

தம்பியிடம் கேட்டேன், பகலில் கடைசியாக வெளியே வந்தது எப்போது என்று. யோசித்தார். மாசி மாதம் மூடிய ஜன்னல், பதினெட்டில் ஓடுகிற ஏசி. "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா டாக்டர்? பெங்களூரு மாதிரி வருமா?"

வராது. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரில் இருக்கிறது, வேலூர் 200 மீட்டர் சொச்சத்தில். அந்த உயர வித்தியாசத்துக்கே நான்கைந்து டிகிரி போய்விடும். போதாததற்குச் சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் காய்ந்து ராத்திரி அனல் விடும். இதற்கு யார் மேல் கோபப்படுவது?

இந்த வெறுப்பை மனப்பிரச்சினை என்று நான் ஒதுக்குவதில்லை. ஊரின் பருவத்தைப் பிடிக்காதவர் கதவைச் சாத்துகிறார். சாத்தியதால் உடம்பு பழகுவதில்லை. பழகாத உடம்புக்கு அடுத்த வெயில் இன்னும் கொடுமையாகத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற 'இயற்கைக்கு நன்றி சொல்லுங்கள்' வகை உபதேசமும் உதவாது, வாயால் சொன்ன நன்றி வேர்வைச் சுரப்பிக்குக் கேட்காது. ஒன்று மட்டும்: ரோடு போடுகிறவரிடம் போய்த் திருப்தியாக இரு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு நிழலும் தண்ணீரும் இடைவேளையும் தருவது வேலை வாங்குகிறவர் கடமை.

மற்றவர்கள் பங்குனியிலேயே ஆரம்பியுங்கள். காலை ஆறு மணிக்கு நடங்கள், நாளுக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே வேலை வைக்காதீர்கள், கல்யாண வீட்டு ஊர்வலமாகவே இருந்தாலும். ஏசியை 26க்கு ஏற்றுங்கள். தாகம் எடுக்கும் முன் தண்ணீர், மோர், கேழ்வரகுக் கூழ். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தயவுசெய்து.

வெயிலில் நின்றவர் உளறினால், தள்ளாடினால், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். இந்தச் சூட்டுக்கு அந்த மாத்திரை கேட்காது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். போன வாரம் ஒருவருக்கு இளநீர் ஊற்றி நுரையீரலுக்குள் அனுப்பியிருந்தார்கள்.

ஜன்னலைச் சாத்தியவர்கள் இழப்பது வெயிலை மட்டும் இல்லை. கத்திரி நடுவிலேயே சில சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்யும், மண் வாசனையோடு தெருவே வெளியே வந்து நிற்கும். சாலையோரம் சீவித் தருகிற நுங்கு இருக்கிறது. மார்கழி காலையில் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் எதிரே வருகிற லாரி தெரியாது, அப்படிப் பனி. ஏசி அறைக்கு எல்லா மாதமும் ஒரே மாதம்தான். நான் இந்த ஊரில் இருபது வருடமாக மொட்டைமாடிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கிறவன். ஒரு வாளி தண்ணீர், ஒரு பாய், அவ்வளவுதான் செலவு.

அந்தத் தம்பி போன வாரம் வந்தார். விடியற்காலையில் நடக்கிறாராம், ராத்திரி மாடியில் படுக்கிறாராம். இப்போது அவருடைய புகார் கொசுவைப் பற்றி.