ஒரே மண்ணில் இரண்டு நிரைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கண் மஞ்சளித்தபோது வெறும் காமாலை என்றுதான் நினைத்தோம். ஈப்போவில் ஸ்கேன் எடுத்த பிறகே பித்தக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. கத்தி வைக்க முடியாத அளவுக்குப் பரவியிருந்தது. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்று இரண்டு மருந்துகளை ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். "ஒன்றையே இந்த உடம்பு தாங்குமா தம்பி, எதற்கு இரண்டு?" என்று அத்தை கேட்டார்.

சிஸ்பிளாட்டினில் இருப்பது பிளாட்டினம் என்ற உலோகம். அது செல்லின் மரபிழையில் (டிஎன்ஏ) ஒட்டிக்கொண்டு முடிச்சுப் போடுகிறது. செல் சும்மா இருக்காது; கெட்ட இடத்தை வெட்டியெடுத்து இழையைப் புதிதாகப் பின்னப் பார்க்கும். பின்னுவதற்கு வேண்டிய கண்ணிகளில் ஒன்றைப் போலவே வேடமிட்டு நுழைவது ஜெம்சிடபின். அதோடு பின்னல் நின்றுபோகும். ஒன்று கெடுக்கிறது, மற்றது செப்பனிட விடுவதில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், நோயாளியிடம் பலிக்குமா? இரண்டு சிகிச்சைகளையும் ஒரே மண்ணில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும் என்பது மாமாவுக்கு எளிதில் புரிந்தது. புது உரத்தை ஆற்றங்கரை மர நிரைக்கும் பழைய உரத்தை மேட்டு நிரைக்கும் போட்டால், பால் கூடியதற்குக் காரணம் உரமா, ஆறா? மருத்துவரும் தம்மை அறியாமல் தெம்பானவருக்கே இரண்டு மருந்துகளையும் கொடுத்துவிடக்கூடும். அதனால் பிரிட்டனில் நடந்த ஏபிசி-02 ஆய்வில் 410 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். 2010இல் முடிவு வெளியானது: ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் ஆயுள் நடுமதிப்பு 8.1 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 11.7.

இந்த எண்ணைக் கேட்டதும் அத்தை சுவர் நாள்காட்டியைப் புரட்டிப் பதினொரு மாதம் எண்ணினார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். நடுமதிப்பு கெடு அல்ல. எல்லாரையும் வாழ்ந்த காலப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு அது. பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள்.

இரண்டோடு மூன்றாவது மருந்தாக நாப்-பாக்ளிடாக்செல் சேர்த்த அமெரிக்க ஆய்வில் உறுதியான பலன் தெரியவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துர்வலுமாப்பைச் சேர்த்த டோபாஸ்-1 ஆய்விலோ, இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்தாக உயர்ந்தார்கள்.

மாமாவுக்கு 21 நாள் ஒரு சுற்று. அதில் முதல் நாளும் எட்டாம் நாளும் மருந்து. சிறுநீரகத்தைக் காக்க உப்புநீரும் ஏற்றுகிறார்கள். இப்போது அத்தை நாள்காட்டியில் அந்த இரண்டு நாள்களை மட்டும் மஞ்சள் தடவி வைக்கிறார்.