ஒரு தம் அடித்தால் டென்ஷன் குறைவது எப்படி?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் நாலைந்து பேர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போவோம். ஆளுக்கொரு டீ, ஆளுக்கொரு சிகரெட். எனக்கு மட்டும் வெறும் டீ. ஒருநாள் நண்பன் கேட்டான்: "டென்ஷன் ஆனா நீ என்னடா பண்ணுவே?" அவன் கிண்டல் செய்யவில்லை. சிகரெட் இல்லாமல் ஒருத்தன் நாளை எப்படி ஓட்டுகிறான் என்பது அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. நிகோட்டின் மூளையில் என்ன செய்கிறது என்று பின்னால் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

புகையிலைச் செடி நிகோட்டினைத் தன் வேரில் தயாரித்து இலைக்கு அனுப்புகிறது. தின்ன வரும் பூச்சிக்கு அது விஷம். வயலில் புகையிலைக் கரைசல் தெளித்துப் பூச்சி விரட்டுகிற பழக்கம் நம் ஊரிலேயே உண்டு. பூச்சியின் நரம்புகளில் சேதி கொண்டுபோகும் ஒரு பொருளுக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். அதை வாங்கிக்கொள்ள நரம்பு செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. நிகோட்டின் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நரம்பை ஓயவிடாமல் தூண்டுகிறது. பூச்சி துடித்துச் சாகிறது.

அதே வகை ஏற்பிகள் நம் மூளையிலும் உண்டு. இழுத்த புகை நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 20 நொடி போதும். போனதும் டோபமைன் சுரக்கிறது. டோபமைனை இன்பம் தரும் ரசாயனம் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதைவிடச் சரியாகச் சொன்னால், 'இப்போது செய்தது முக்கியம், மறுபடி செய்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கும் பொருள் அது. உணவுக்காகவும் உறவுக்காகவும் அமைந்த அந்த ஏற்பாட்டில் நிகோட்டின் குறுக்கே புகுந்துவிடுகிறது. செய்கைக்கும் பலனுக்கும் நடுவே சில நொடிகளே இருப்பதால் பாடம் ஆழமாகப் பதிகிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்றால், பத்துத் தடவை அதே பாடம்.

வாயில் அடக்கும் புகையிலையில் வேகம் குறைவு. ஆனால் அதோடு சேரும் சுண்ணாம்பைக் கவனியுங்கள். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. அந்தச் சூழலில் நிகோட்டின் கன்னத்தின் உட்சவ்வை எளிதாகத் தாண்டி ரத்தத்துக்குள் போகிறது. 'நான் புகைப்பதில்லை, வெற்றிலையோடு கொஞ்சம் போடுவேன், அவ்வளவுதான்' என்கிற பெரியவர்களின் மூளைக்கும் அதே நிகோட்டின்தான் போய்ச் சேர்கிறது.

சரி, டென்ஷனுக்கு வருவோம். நாள் முழுக்கத் தூண்டப்படும் ஏற்பிகள் ஒரு கட்டத்தில் மரத்துப்போகின்றன. அதை ஈடுகட்டுவது போல மூளையில் அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. இன்னொரு பக்கம், ரத்தத்தில் உள்ள நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கொரு தடவை பாதியாகிறது. அளவு இறங்க இறங்க, மரத்துப்போன ஏற்பிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கின்றன. முன்பைவிட அதிகமான ஏற்பிகள், அத்தனையும் காலியாக. எரிச்சல் வருகிறது, கவனம் சிதறுகிறது, கை பரபரக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சிகரெட் பற்றவைத்தால் எல்லாம் அடங்கிவிடும். 'அப்பாடா' என்று இருக்கும்.

அந்த 'அப்பாடா' பொய்யில்லை. ஆனால் அடங்கிய தவிப்பில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட் விட்டுப்போனது. மேனேஜர் போடும் சத்தமும் கட்ட வேண்டிய இ.எம்.ஐ.யும் அப்படியே இருக்கின்றன. தொடாதவனுக்கு இந்தக் கூடுதல் தவிப்பே கிடையாது. என் நண்பன் ஒவ்வொரு சிகரெட்டிலும் தேடிப்போன நிலையில்தான் நான் சும்மாவே நின்றுகொண்டிருந்தேன். இரவு தூங்கும்போது நிகோட்டின் வெகுவாக இறங்கிவிடுவதால் இந்தத் தவிப்பு காலையில்தான் உச்சத்தில் இருக்கும். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று மருத்துவர்கள் கேட்பது இதனால்தான். 5 நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள்.

விட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடுமையானது. பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் உடல் படுத்துவது தணிந்துவிடும். கூடிப்போன ஏற்பிகள் 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்புவதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு அவர்களின் பதற்றமும் மனச்சோர்வும், தொடர்ந்து புகைப்பவர்களுடையதைவிடக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிரிட்டனில் 1951இல் தொடங்கி 50 ஆண்டுகள் மருத்துவர்களையே பின்தொடர்ந்த ஆய்வில், புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் கிட்டத்தட்டத் திரும்பக் கிடைத்தது, 60இல் விட்டவர்களுக்கு 3 ஆண்டு. 60 வயதில் விட்டால்கூட 3 ஆண்டு மிச்சம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. விட நினைப்பவர்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. நிகோட்டின் சூயிங் கம், பேட்ச், மாத்திரை எல்லாம் இருக்கின்றன. 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

விடுகிற பலரிடம் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. புகையிலுள்ள தார் கல்லீரலில் ஒரு நொதியைப் பெருக்கிவிடுகிறது. காபி, டீயில் உள்ள கஃபீனைச் சிதைப்பது அந்த நொதிதான். அதனால் புகைப்பவர் உடலில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரைந்துவிடும். சிகரெட்டை நிறுத்திய சில நாளிலேயே நொதி குறைகிறது. குடிப்பது அதே நாலு காபிதான், ரத்தத்தில் தங்கும் கஃபீன் மட்டும் கூடிவிடுகிறது. தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. 'சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை' என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற சில மருந்துகளும் இதே நொதியால்தான் சிதைகின்றன. அவற்றைச் சாப்பிடுபவர்கள் புகைப்பதை விடும்போது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

நண்பன் இரண்டாவது முறையாக விட முயன்றபோது இதைத்தான் அவனிடம் சொன்னேன். காபியைப் பாதியாக்கினான். டீக்கடை பக்கம் போனாலே கை தானாகப் பாக்கெட்டைத் தேடும் என்பதால், மதிய டீயை ஒரு மாதம் ஆபீஸ் மொட்டைமாடியில் வைத்துக்கொண்டோம். பிளாஸ்க்கை நான் எடுத்துப் போவேன், டம்ளர் அவன் பொறுப்பு.