அணைத்த விளக்கு ஏன் மினுங்குகிறது?

சிங்கப்பூரின் பொங்கோலில் புது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிபோன வாசகி கேட்கிறார்: கட்டில் தலைமாட்டுச் சுவர் விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது, பேய்கள் உலவுவதாகச் சொல்லப்படும் சீனர்களின் ஏழாம் மாதம் வேறு, மாமியார் அந்த அறையில் படுக்க மறுக்கிறார்.

கதவருகே ஒன்று, தலைமாட்டில் ஒன்று என இரண்டு சுவிட்ச் உண்டா என்று திருப்பிக் கேட்டேன். உண்டாம். பேய் அகப்பட்டது.

இருவழி சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு வயர்கள் இணையாக ஓடும். கதவருகே உள்ளது இரண்டில் ஒன்றுக்கு மின்சாரத்தைத் தரும். தலைமாட்டில் உள்ளது இரண்டில் ஒன்றை விளக்கோடு சேர்க்கும். இரண்டும் ஒரே வயரைப் பிடித்தால் விளக்கு எரியும், வேறு வேறு வயரைப் பிடித்தால் அணையும்.

அணைந்த நிலையைக் கவனியுங்கள். ஒரு வயரில் 230 வோல்ட் வந்து முட்டி நிற்கிறது. விளக்கோடு சேர்ந்த மற்றது, அதை உரசியபடி அதே குழாய்க்குள் கிடக்கிறது. நடுவே பிவிசி உறை. இரண்டு கடத்திகள், இடையில் காப்புப்பொருள்: பள்ளியில் படித்த மின்தேக்கியேதான், யாரும் கடையில் வாங்காமல் சுவருக்குள் முளைத்தது! ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக (டிசி) இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நமக்கு வருவதோ நொடிக்கு 50 முறை ஊசலாடுவது. மின்சாரம் வந்து நிற்கும் லைவ் வயர் நேர்மின்னேற்றம் பெறும்போது பக்கத்து வயரின் எலெக்ட்ரான்கள் நெருங்கி வரும்; எதிர்மின்னேற்றம் பெற்றதும் விலகி ஓடும். ஒன்றுகூட உறையைத் தாண்டுவதில்லை. ஆனாலும் அந்தப் போக்குவரத்து முழுவதும் விளக்கின் வழியாகத்தான்.

இந்தச் சுவர் மின்தேக்கியின் கொள்திறன் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், ஐந்து மீட்டர் வயருக்கு ஏறக்குறைய 36 மைக்ரோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் 36 பங்கு, மின்சாரம் ஓடும். கால் ஆம்பியர் குடித்த பழைய 60 வாட் குண்டு பல்புக்கு இது உறைக்கவே உறைக்காது. எல்இடிக்கு விருந்து. சில விளக்குகள் கண்சிமிட்டவும் செய்யும்: உள்ளிருக்கும் சிறு மின்தேக்கி சொட்டுச் சொட்டாக நிரம்பி, ஒரு மின்னலடித்துக் காலியாகும்.

வேறு தயாரிப்பு பல்பைப் போட்டாலே சிலசமயம் நின்றுவிடும். இல்லையேல் விளக்குக்கு இணையாக அதற்கென்றே விற்கும் சிறு மின்தேக்கியைப் பொருத்தலாம். ஆனால் லைவுக்குப் பதில், மின்சாரம் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலை சுவிட்ச் துண்டித்தாலும் இதே மினுக்கம் வரும். அதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. அணைத்த விளக்கிலும் மின்சாரம் நிற்கும். தாயத்து வாங்குவதற்குமுன் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

என் வீட்டிலும் இந்த மினுக்கம் உண்டு. வயரிங் சரி என்று சோதித்தபின் அப்படியே விட்டுவிட்டேன். நள்ளிரவில் தண்ணீர்ச் செம்பைத் தேட அந்த வெளிச்சம் போதுமாக இருக்கிறது.