ஒரே ‘கொ’, இரண்டு டைஜெஸ்ட்

இரண்டு சொற்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஒன்று ஒரு சமயம் என்னிடம் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டைஜெஸ்ட் (கைரேகைபோல ஓர் அடையாள எண்) போட்டு, இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். பெரும்பாலான சொற்கள் பொருந்தின. ‘கொடி’ பொருந்தவில்லை. ‘கோடை’, ‘போர்’, ‘சோறு’ எதுவும் பொருந்தவில்லை. இரண்டையும் திரையில் அருகருகே வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணை இடுக்கிப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

முதலில் டைஜெஸ்ட் போட்டுத் தரும் லைப்ரரியைத்தான், அதாவது அந்த ஆயத்த நிரல் தொகுப்பைத்தான் சந்தேகப்பட்டேன். பாவம், அது சரியாகத்தான் சொல்லியிருந்தது. எனக்குத் தெரிந்தது எழுத்து. அதற்குத் தெரிந்தது பைட், அதாவது எட்டு பிட் (0 அல்லது 1) சேர்ந்த எண். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் டைஜெஸ்ட் போடுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள்.

டைஜெஸ்ட் என்பது என்ன? எவ்வளவு நீளமான தரவைக் கொடுத்தாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளத்தில் ஓர் எண்ணை வார்த்துத் தருவது ஹேஷ் சார்பு. அந்த எண்தான் டைஜெஸ்ட். ஹேஷ் சார்புகளில் பல வகை உண்டு: எம்டி5 என்றால் 16 பைட், எஸ்எச்ஏ-1 என்றால் 20, எஸ்எச்ஏ-256 என்றால் 32, எஸ்எச்ஏ-512 என்றால் 64. ஒரே தரவுக்கு எப்போதும் ஒரே விடை. ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் புரண்டுவிடும். விடையை வைத்துக்கொண்டு தரவுக்குத் திரும்பும் வழி கிடையாது.

பைத்தானில் இதற்கான லைப்ரரியின் பெயர் ஹேஷ்லிப். 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடு கூடவே வருகிறது. அதற்கு முன் எம்டி5-க்கு ஒன்று, எஸ்எச்ஏ-வுக்கு ஒன்று என்று தனித்தனி மாட்யூல்கள் இருந்தன. பயன்படுத்துவது சுலபம். எஸ்எச்ஏ256 என்று அழைத்தால் ஒரு பொருள் கிடைக்கும். அதன் ‘அப்டேட்’ வழியாகத் தரவை ஊட்ட வேண்டும், முடிந்ததும் ‘டைஜெஸ்ட்’ என்று கேட்டால் 32 பைட் கையில் வரும். ‘ஹெக்ஸ்டைஜெஸ்ட்’ என்று கேட்டால் அதையே 16-இன் அடிப்படையில், அதாவது 0 முதல் 9 வரை இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் கலந்து, 64 குறிகளாக எழுதித் தரும். அவ்வளவுதான். மூன்று வரி.

அந்த மூன்று வரிக்குள்ளே நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். எஸ்எச்ஏ-256-ன் வயிற்றில் எட்டு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் 32 பிட். வேலை தொடங்கும்போது அவற்றின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பிடித்த சமாச்சாரம். முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலத்தை எடுத்து, புள்ளிக்குப் பின்னால் வருவதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 2-இன் வர்க்கமூலம் 1.41421356... அதில் 0.41421356...-ஐ 2-இன் 32-ஆம் அடுக்கால் பெருக்கி முழு எண்ணாக வெட்டினால் 1779033703. முதல் எண் அதுதான். கால்குலேட்டர் இருந்தால் போட்டுப் பாருங்கள். அடுத்தது 3-இன் வர்க்கமூலம், அப்புறம் 5, 7 என்று 19 வரை. ஏன் இந்தச் சுற்றுவழி? வடிவமைத்தவர்களே எண்களைத் தம் இஷ்டத்துக்குப் போட்டிருந்தால், அதில் ஏதாவது கள்ளக்கதவு ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று உலகம் சந்தேகப்படும். பகா எண்களின் வர்க்கமூலத்தில் யாரும் கைவைக்க முடியாது.

கொடுக்கும் தரவு 64 பைட் துண்டுகளாக உள்ளே போகும். ஒவ்வொரு துண்டும் 16 எண்களாகப் பிரிந்து, அவற்றிலிருந்து இன்னும் 48 எண்கள் கணக்கிடப்பட்டு, மொத்தம் 64 ஆகும். அப்புறம் 64 சுற்றுகள். சுற்றுக்கு ஓர் எண் உள்ளே விழும். கூடவே முதல் 64 பகா எண்களின் கனமூலத்திலிருந்து எடுத்த மாறிலிகளில் ஒன்றும் விழும். பிட்டுகளைச் சுழற்றுவது, எக்ஸ்ஆர் செய்வது (இரண்டு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0), கூட்டுவது, 32 பிட்டைத் தாண்டி வழிவதைக் கொட்டிவிடுவது, எட்டு எண்களையும் ஓரிடம் தள்ளி உட்காரவைப்பது: ஒவ்வொரு சுற்றிலும் இதுதான். துண்டு எதுவென்று தெரிந்தால் இந்தச் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓட்டிவிடலாம் என்பது ஆச்சரியமான விஷயம். ஆனால் 64 சுற்றும் முடிந்ததும், தொடங்கியபோது இருந்த பழைய எட்டு எண்களைப் புதிய எட்டோடு கூட்டிவிடுகிறார்கள். கூட்டுத்தொகை மட்டும் கையில் இருந்தால் எது பழையது எது புதியது என்று பிரிக்க முடியாது. திரும்பிப் போகும் பாதையை அடைப்பதில் அந்த ஒரு கூட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசித் துண்டு 64 பைட்டை நிரப்பாவிட்டால்? தரவு முடிந்த இடத்தில் ஒரு 1, அதன் பின் தேவையான அளவு 0-க்கள், கடைசி 64 பிட்டில் தரவின் நீளம். மூன்று பைட் தரவென்றால் 24 பிட், ஒரு 1, 423 பூஜ்யங்கள், நீளத்துக்கு 64. கூட்டினால் 512 பிட், அதாவது சரியாக ஒரு துண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் ஒரு துண்டு உருவாகிவிடும். ஆகவே வெறுமைக்கும் ஒரு டைஜெஸ்ட் உண்டு. எஸ்எச்ஏ-256-இல் அது இ3பி0சி44298எஃப்சி என்று தொடங்கும். எம்டி5 என்றால் டி41டி8சிடி98எஃப். இந்தத் தொடக்கங்களை மனப்பாடம் செய்து வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு முறை என் நிரல் வரிசையாக எல்லாக் கோப்புகளுக்கும் இ3பி0 என்று தொடங்கும் ஒரே விடையைத் தந்துகொண்டிருந்தது. கோப்பின் அளவைப் பார்க்க ஒரு தடவை கடைசி வரை படித்துவிட்டு, ஆரம்பத்துக்குத் திரும்பாமல் ஹேஷ் போட்டிருந்தேன். அடுத்த ‘ரீட்’ காலிக் கையோடு வந்தது. லைப்ரரி அந்தக் காலியை மரியாதையாக ஹேஷ் செய்து கொடுத்தது. பிழைச் செய்தி எதுவும் வராது. வெறுமையும் முறையான தரவுதான் அதற்கு.

உள்ளே இருப்பது எட்டு எண்களும், 64 பைட் சேரும்வரை காத்திருக்கும் மிச்சமும், இதுவரை வந்த தரவின் நீளமும்தான் என்பதால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. எத்தனை ஜிகாபைட் கோப்பானாலும் மொத்தமாக நினைவகத்தில் ஏற்ற வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ‘அப்டேட்’டில் ஊட்டிக்கொண்டே போகலாம். பைத்தான் 3.11 முதல் ‘ஃபைல்_டைஜெஸ்ட்’ என்று ஒரு சார்பு இந்த வேலையைத் தானே செய்கிறது. கோப்பை பைனரி முறையில் (பைட்டுகளை அப்படியே படிக்கும் முறையில்) திறக்க மறக்கக் கூடாது.

ஆனால் எந்த இடத்தில் துண்டு போட்டு ஊட்டினீர்கள் என்பது உள்ளே பதிவாகாது. ‘12’ ஊட்டி அப்புறம் ‘3’ ஊட்டினாலும், ‘1’ ஊட்டி அப்புறம் ‘23’ ஊட்டினாலும் அதற்கு ‘123’-தான். இரண்டு புலங்களை ஒட்டி ஒரு சாவி தயாரிக்கிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். 1-ஆம் வகுப்பின் 23-ஆம் எண்ணும் 12-ஆம் வகுப்பின் 3-ஆம் எண்ணும் ஒரே ஆளாகிவிடும். ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் அதன் நீளத்தையும் ஊட்டிவிட்டால் தீர்ந்தது.

சரி, ‘கொடி’க்கு வருவோம்.

பைத்தான் 3-இல் ஒரு சரத்தை (எழுத்துகளின் வரிசையை) அப்படியே ஹேஷ்லிப்பிடம் நீட்டினால் வாங்கிக்கொள்ளாது. முதலில் என்கோட் செய்து பைட்டாக்கிக் கொண்டு வா என்று பிழை எறியும். புதிதாக வருகிறவர்களுக்கு இது எரிச்சல்தான், ஆனால் இது அதன் நல்ல குணம். பெர்ல் மொழியின் எம்டி5 மாட்யூலும் தமிழ் எழுத்தை நேராகக் கொடுத்தால் முரண்டு பிடிக்கும். பிஎச்பி-யில் சரம் என்பதே பைட்டுகளின் வரிசை என்பதால் எந்த முறையில் பைட்டாக்குவது என்ற கேள்வியே எழாது; நோட் ஜேஎஸ் சத்தமில்லாமல் யுடிஎஃப்-8 (எழுத்தைப் பைட்டாக்கும் முறைகளில் ஒன்று) என்று தானே வைத்துக்கொள்ளும். ஏன் கேள்வி வேண்டும் என்றால், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், யுடிஎஃப்-16-இல் இரண்டு பைட். சொல் ஒன்றுதான், பைட்டு வேறு, டைஜெஸ்ட் வேறு.

என் பட்டியல்கள் இரண்டும் யுடிஎஃப்-8-தான். அப்புறமும் பொருந்தவில்லையே? பைட்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் ‘கொ’ ஆறு பைட், மறுபக்கம் ஒன்பது. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரம், கொம்பு, கால் என்று மூன்றாக வைப்பது இன்னொன்று. எழுத்துரு இரண்டையும் ஒரே படமாக வரைந்துவிடும். பட்டியல்களில் ஒன்று பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தது. மாற்றிய கருவி கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்திருந்தது. ஒகர, ஓகாரச் சொற்கள் மட்டும் ஏன் தகராறு செய்தன என்பது அப்போதுதான் விளங்கியது.

யூனிகோடுக்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலில் ‘நார்மலைஸ்’ சார்புக்கு என்எஃப்சி என்று சொல்லிக் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக ஒட்டித் தரும். ஒட்டினேன், கிட்டத்தட்ட எல்லாம் பொருந்தின. இரண்டே சொற்கள் அடம்பிடித்தன. பார்த்தால், யாரோ காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டி வைத்திருக்கிறார்கள்! இதற்கு என்எஃப்சி உதவாது. ‘ஔ’ என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பதும் இதே ஜாதிதான். அவை யூனிகோடைப் பொறுத்தவரை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

கண்ணுக்குத் தெரியாத பைட்டுகளும் உண்டு. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் ஹலோ என்று சிறிய எழுத்துகளில் எழுதி எஸ்எச்ஏ-256 போட்டால் 2சிஎஃப்24டிபிஏ என்று தொடங்கும். அதையே கட்டளை வரியில் ‘எக்கோ’ வழியாக அனுப்பினால் பெரும்பாலும் 5891பி5பி5 என்று தொடங்கும். ‘எக்கோ’ கடைசியில் ஒரு வரிமுறிவைச் சேர்த்து அனுப்புகிறது, அவ்வளவுதான். “பைத்தான் ஒன்று சொல்கிறது, டெர்மினல் இன்னொன்று சொல்கிறது” என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இதுவரை பார்த்தது, ஒன்றுபோலத் தெரிந்தும் வேறாக இருப்பவை. இதன் தலைகீழ்தான் ஆபத்து: வேறான இரண்டு தரவுகளுக்கு ஒரே டைஜெஸ்ட். எல்லையில்லாத தரவுகளை 32 பைட்டில் அடக்கினால் மோதல் எங்கேயோ இருந்தே தீரும். அதைத் தேடிப் பிடிக்க முடியாதபடி இருக்கிறதா என்பதே கேள்வி. 1991-இல் ரான் ரிவெஸ்ட் வடிவமைத்த எம்டி5-க்கு, 2004-இல் சியாவ்யுன் வாங் குழுவினர் மோதலைக் காட்டினார்கள். இன்று சாதாரணக் கணினியில் சில நொடியில் செய்துவிடலாம். 2012-இல் வெளிப்பட்ட ஃப்ளேம் என்ற தீநிரல், எம்டி5 மோதலை வைத்தே மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டதுபோல ஒரு போலிச் சான்றிதழைத் தயாரித்திருந்தது. 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகிளும் சேர்ந்து, ஒரே எஸ்எச்ஏ-1 டைஜெஸ்ட் கொண்ட இரண்டு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. எஸ்எச்ஏ-256-க்கு அப்படி எதுவும் இதுவரை வரவில்லை.

ஆனால் எஸ்எச்ஏ-256-ஐயும் தப்பாகப் பயன்படுத்த முடியும். ரகசியச் சொல் ஒன்றை முன்னால் ஒட்டி, செய்தியைப் பின்னால் ஒட்டி ஹேஷ் போட்டால், செய்தியை யாரும் மாற்றவில்லை என்பதற்கு முத்திரை குத்தியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வயிற்றில் இருந்த எட்டு எண்களை நினைவிருக்கிறதா? டைஜெஸ்ட் என்று வெளியே வருவது கடைசியில் அந்த எட்டேதான். ஆகவே டைஜெஸ்ட்டைப் பார்த்தவர், ரகசியச் சொல்லின் நீளத்தை ஊகித்துக்கொண்டால், விட்ட இடத்திலிருந்து எந்திரத்தை மேலே ஓட்டி, செய்தியின் வாலில் தனக்கு வேண்டியதைச் சேர்த்துப் புது முத்திரையும் போட்டுவிடலாம். ரகசியச் சொல் என்னவென்றே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இதைத் தடுக்கத்தான் எச்மேக் முறை. உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை என்று இரண்டு முறை ஹேஷ் போடும். பைத்தானில் அதே பெயரில் தனி மாட்யூல் இருக்கிறது. முத்திரையைச் சரிபார்க்கும்போதும் சாதாரணச் சமக்குறியை விட்டுவிட்டு, அதிலுள்ள ‘கம்பேர்_டைஜெஸ்ட்’டைப் பயன்படுத்துங்கள். எந்த எழுத்தில் பொருத்தம் தவறியது என்பதை, எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து யாரும் மோப்பம் பிடிக்க முடியாது.

கடவுச்சொல்லுக்கு எஸ்எச்ஏ-256 நேரடியாக வேண்டவே வேண்டாம். அதன் வேகமே அங்கே எதிரி. நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க அது இடம் கொடுக்கும். ஹேஷ்லிப்பிலேயே ‘ஸ்கிரிப்ட்’ என்ற சார்பு இருக்கிறது, வேண்டுமென்றே மெதுவாகவும் நினைவகத்தை விழுங்கியும் வேலை செய்யும்படி எழுதப்பட்டது. (நிரல் என்று பொருள்படும் ஸ்கிரிப்ட் வேறு, இது வேறு.)

எம்டி5 அதற்காகச் செத்துப்போகவில்லை. கோப்பு பிரதி எடுக்கும்போது தற்செயலாகச் சிதைந்ததா என்று பார்க்க இன்றும் போதும். சில கட்டுப்பாடான கணினிகளில் அதை அழைத்தாலே பிழை வரும்; பாதுகாப்புக்காக இல்லை என்று தெரிவிக்க, ‘யூஸ்டுஃபார்செக்யூரிட்டி’ என்ற அளவுருவுக்கு ‘ஃபால்ஸ்’ கொடுக்கும் வசதி 3.9 பதிப்பில் வந்தது. என் சொற்பட்டியல் நிரலில்கூட எம்டி5-தான் இருந்தது. அதை மாற்ற வேண்டிய அவசியம் கடைசி வரை வரவில்லை. மாற்ற வேண்டியிருந்தது அதற்கு முந்தைய வரியைத்தான்.