பயன்படுத்திய மென்பொருளை விற்கலாமா? ஐரோப்பிய ஒன்றிய விதி

மென்பொருளை நிறுவும்போது நாம் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 'இந்த உரிமத்தைப் பிறருக்கு மாற்றித் தரக்கூடாது' என்று ஒரு வரி இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வரி பல நேரம் செல்லாது. மென்பொருள் தயாரிப்பாளரான ஆரக்கிளுக்கும் யூஸ்ட்சாஃப்ட் என்ற ஜெர்மன் மறுவிற்பனை நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பதிப்புரிமை வைத்திருப்பவர் ஒரு பிரதியை ஒன்றியத்துக்குள் ஒருமுறை விற்றுவிட்டால், அதன் மறுவிற்பனையைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. சிடியில் வந்த பிரதிக்கும் இணையத்தில் இறக்கிய பிரதிக்கும் ஒரே விதிதான்.

ஒருமுறை பணம் கட்டி, காலக்கெடு இல்லாமல் பயன்படுத்தும் உரிமத்துக்கே இது பொருந்தும். ஒப்பந்தம் அதை 'உரிமம்' என்று அழைத்தாலும் நீதிமன்றம் அதை விற்பனையாகவே கொண்டது. மாத, ஆண்டுச் சந்தாக்கள் இதில் வராது. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ முதலில் விற்கப்பட்ட உரிமமும் வராது. முதல் விற்பனை ஒன்றியத்துக்குள் நடந்திருக்க வேண்டும். விலை குறைவு என்று வெளியிலிருந்து வாங்கி அங்கே விற்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

விற்பவர் தன் கணினியிலும் சர்வரிலும் உள்ள பிரதிகளை நீக்கிவிட வேண்டும், அல்லது இயங்காதபடி செய்ய வேண்டும். தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு விற்றால் அது பதிப்புரிமை மீறல். உரிமத்தைத் துண்டு போடுவதில்தான் குழப்பம் அதிகம். 25 பேர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரே சர்வர் உரிமத்தில் 10 பேருக்கானதை மட்டும் பிரித்து விற்க முடியாது. ஆனால் தனித்தனிக் கணினிகளில் நிறுவும் உரிமங்களை மொத்தமாக வாங்கியிருந்தால் அவற்றைப் பிரித்து விற்கலாம் என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது. எனவே விற்கும் முன் உரிமத்தின் வகையைப் பார்த்துவிடுங்கள்.

பழைய சிடி கெட்டுப்போனால் பேக்கப் பிரதியைச் சிடியில் எழுதி விற்கலாமா? கூடாது. 2016 அக்டோபரில் லாட்வியாவிலிருந்து வந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்பு அப்படித்தான் வந்தது. உரிமத்தை முறையாக வாங்கியவர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ள வழி உண்டு.

வாங்குபவருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: மென்பொருளைச் செயல்படுத்தத் தரும் குறியீடான லைசென்ஸ் கீ மட்டும் உரிமம் ஆகாது. வழக்கு வந்தால், நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறின என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. ஆகவே பணம் கொடுக்கும் முன்பே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: மூல உரிம ஒப்பந்தம், முதல் விற்பனையின் பில், இடையில் கைமாறிய ஒவ்வொரு விற்பனைக்கும் ஆவணம், பிரதிகளை நீக்கிவிட்டதாக முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிமொழி. 'எல்லாம் சட்டப்படிதான்' என்று மட்டும் சொல்லி இந்தத் தாள்களைத் தர மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி முன்பே வந்து சேர்ந்த திருத்தங்களும் புதுப்பிப்புகளும் பிரதியோடு சேர்ந்தே கைமாறும். ஆனால் அந்த ஒப்பந்தம் ஒரு சேவை. அது உங்களுக்கு வராது. இனி வரும் புதுப்பிப்புகள் வேண்டுமென்றால் தயாரிப்பாளரிடம் தனியாகப் பேச வேண்டும்.

மின்னூல்களுக்கு இந்த உரிமை இல்லை. 2019 டிசம்பரில், பழைய மின்னூல்களை விற்ற டாம் கபினெட் என்ற நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அவற்றை வேறாகப் பிரித்தது.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டின் பழைய பிரதிகளை இபே இணையச் சந்தையில் விற்ற ஒருவரின் வழக்கில், 2010-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்டோடெஸ்க்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உரிமம் என்று குறிப்பிட்டு, கைமாற்றுவதையும் பயன்பாட்டையும் ஒப்பந்தம் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தால், வாங்கியவர் பிரதிக்கு உரிமையாளர் ஆகமாட்டார் என்றது. ஜெர்மனியில் சட்டப்படி வாங்கிய உரிமத்தை அமெரிக்கக் கிளைக்கு விற்க நினைக்கும் நிறுவனம், அங்குள்ள வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.