இரண்டாவது பகடை எப்போது கைகொடுக்கும்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறாராம். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நகர்த்தி, முடிவு நிச்சயமில்லாத செயல்களைப் பகடை உருட்டித் தீர்க்கும் விளையாட்டு அது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் அவர்தான். இப்போது கதை ஒகேனக்கலுக்கு வந்திருக்கிறது. கொள்ளையர் துரத்த, ஒரு வீரன் தன் பரிசலிலிருந்து பக்கத்துப் பரிசலுக்குத் தாவப் பார்க்கிறான். விதிப் புத்தகத்தில் பரிசலே கிடையாது. "புத்தகத்தில் இல்லாததைச் செய்யக் கூடாது" என்கிறார் ஒரு நண்பர். "நீயே முடிவைச் சொல்லிடு, பகடை எதுக்கு?" என்கிறார் இன்னொருவர். யார் பக்கம் நியாயம்?

இந்தச் சண்டை இந்த விளையாட்டைவிடப் பழையது. 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், பகடையும் அட்டவணைகளும் வைத்து ஒரு போர்ப் பயிற்சி விளையாட்டை ராணுவத்துக்குக் கொடுத்தார். விதிகள் கனமாக இருந்தன, ஆட்டம் மெதுவாக நகர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, அனுபவமுள்ள நடுவரே விளைவைத் தீர்மானிக்கட்டும், அட்டவணைகள் வேண்டாம் என்று எழுதினார். பல காலம் கழித்து, 1974இல், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது நடுவரின் முடிவும் பகடையும் ஒரே மேசையில் இருந்தன.

என் பதில் இது. சூழ்நிலையைத் தாராளமாகக் கற்பனை செய்யுங்கள், விளைவைப் பகடையிடம் விட்டுவிடுங்கள். அப்படிச் செய்ய ஓர் அருமையான கருவி 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இருக்கிறது. அட்வான்டேஜ் என்பார்கள். சூழ்நிலை சாதகமாக இருந்தால் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

நம் தாயக்கட்டையில் எல்லா எண்ணும் ஒரே அளவில் விழாது. இரண்டு கட்டைகளும் சேர்ந்து விழ 16 வழிகள் உண்டு. 3 விழ நான்கு வழி, 12 விழ ஒரே வழி. 20 முகப் பகடை அப்படியல்ல, எந்த முகத்துக்கும் 5 சதவீதம்தான். இரண்டாவது பகடை வந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொண்டால்தான் இங்கும் அந்த ஏற்றத்தாழ்வு வருகிறது.

ஒரு கட்டத் தாளில் 20க்கு 20 சதுரம் வரையுங்கள். மொத்தம் 400 கட்டங்கள். குறுக்கே முதல் பகடையின் எண், நெடுக்கே இரண்டாவதன் எண். பரிசல் தாவலுக்கு 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கேம் மாஸ்டர் சொல்லிவிட்டார். ஒரே பகடை என்றால் வாய்ப்பு சரிபாதி. இரண்டு என்றால், வீரன் ஆற்றில் விழ இரண்டுமே 10க்குள் விழுந்தாக வேண்டும். அது கட்டத்தின் ஒரு மூலையில் 10க்கு 10, அதாவது 100 கட்டங்கள். மீதி 300ம் வெற்றி. 50 சதவீதம் 75 ஆகிவிட்டது.

இப்போது தாவலைக் கடினமாக்கிப் பாருங்கள். 20 விழுந்தால்தான் உண்டு. தோல்வி மூலை 19க்கு 19 ஆக வீங்கி 361 கட்டங்களைத் தின்றுவிடுகிறது. மிச்சம் 39. வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75க்குத்தான் ஏறுகிறது. 2 விழுந்தாலே போதும் என்ற சுலபமான தாவலிலும் அதே கதை. 95 இருந்தது 99.75 ஆகிறது. இரு ஓரங்களிலும் லாபம் 4.75தான், நடுவிலோ 25!

ஏன் இப்படி? இரண்டாவது பகடைக்கு வேலை வருவதே முதல் பகடை தோற்றால்தான். வந்த பிறகு அது ஜெயிக்கவும் வேண்டும். ஆக, தோற்கும் வாய்ப்பையும் ஜெயிக்கும் வாய்ப்பையும் பெருக்கினால் வருவதுதான் லாபம். இரண்டும் சமமாக இருக்கும்போது அந்தப் பெருக்கல் உச்சத்தைத் தொடும், ஒன்று சிறுத்தால் சுருங்கும். எங்கே முடிவு உண்மையிலேயே ஊசலாடுகிறதோ அங்கே உதவி கொட்டுகிறது. எனக்கு இந்தக் கணக்கு எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்கவில்லை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் சாதகமான சூழ்நிலைக்கு எண்ணோடு 2 கூட்டச் சொன்னார்கள். அது 20 முகப் பகடையில் நேராக 10 சதவீதம். தேவை 21 என்றிருந்தால், முடியவே முடியாத காரியம்கூட அந்த 2ஆல் முடிகிற காரியமாகிவிடும். இரண்டாவது பகடை அதைச் செய்யாது. பூஜ்யத்தை எதனோடு பெருக்கினாலும் பூஜ்யம்தானே. எது நடக்கக்கூடியது என்று சொல்லும் உரிமை கேம் மாஸ்டரிடமே நிற்கிறது.

அப்புறம் இன்னொரு விதி. சாதகங்கள் எத்தனை சேர்ந்தாலும் கூடுதல் பகடை ஒன்றுதான். துடுப்பை நீட்ட ஓர் ஆள், பின்னால் காற்று, காலில் நல்ல பிடிப்பு என்று அடுக்கிக்கொண்டு யாரும் வாதாட வேண்டியதில்லை. மூன்றாவது பகடை கொடுத்தாலும் 75 என்பது 87.5 ஆகுமே தவிர, முதலில் கிடைத்த 25 திரும்பக் கிடைக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தேவையான எண்ணைப் பகடை உருளும் முன் சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு முடிவைத் திருத்தினால் அது கற்பனை ஆகாது, ஏமாற்று. அதேபோல "மூணு தடவை சின்ன எண் விழுந்தாச்சு, இப்ப பெருசு விழுந்தே தீரும்" என்பதும், பகடையை ஊதி உருட்டுவதும் வேண்டாம். பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது. விழுந்தே தீரும் என்ற இதே நம்பிக்கையில்தான் சூதாட்டத்தில் குடும்பங்கள் பணத்தைத் தொலைக்கின்றன. நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு கடைசி இயலில், புள்ளியியலோடு சேர்ந்து வருகிறது. தேர்வு அவசரத்தில் சூத்திரமாக ஓடிவிடாமல், பகடைகளைக் கையில் கொடுத்து நடத்த வேண்டிய பாடம் அது. அரூரிலும் ஊத்தங்கரையிலும் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பெட்டிப் பகடை வாங்கித் தருவது அரசுக்குப் பெரிய செலவே இல்லை.

20 முகப் பகடை உள்ளூர்க் கடையில் கிடைக்கவில்லையா? 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். முதல் சீட்டைத் திருப்பிப் போட்ட பிறகே இரண்டாவதை எடுங்கள். போடாமல் எடுத்தால், தோற்கும் சீட்டு ஒன்று ஏற்கனவே வெளியே வந்துவிட்டதால், 75 என்பது சுமார் 76.3 ஆகிவிடும்.