கள்ளக்கடல் வேறு, கடல் சீற்றம் வேறு

தொலைவில் எழுந்த அலை, காற்றும் மழையும் இல்லாத நாளில் கரையேறுவதுதான் கள்ளக்கடல். அந்த எச்சரிக்கை வரும்போதெல்லாம் செய்தி வாசிப்பவர் கூடவே ஒரு விளக்கமும் சொல்லிவிடுகிறார்: "அதாவது, கடல் சீற்றம்." மறுநாள் நாளிதழிலும் அதே. வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்பிலும் அதே. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கடலோடு வாழும் குமரி மாவட்டத்துக்கும் இதே விளக்கம்தான் வருகிறது. இது தவறு, ஆளைக் கொல்லும் அளவுக்குத் தவறு.

சொல் எளியதுதான். கள்ளம், கடல் என்ற இரண்டும் சேர்ந்தது. கள்ளனைப் போலச் சத்தமில்லாமல் ஏறி வரும் கடல். கேரளக் கடற்கரை மீனவர்களின் வழக்கிலிருந்து அறிவியலுக்குள் போனது. 2012-ல் யுனெஸ்கோ இதை முறையாக ஏற்றுக்கொண்டது. கடல் எச்சரிக்கைகளை வெளியிடும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் ஆங்கில எச்சரிக்கையிலும் இந்தப் பெயரையே எழுதுகிறது.

என்ன நடக்கிறது என்றால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு இப்பால், பலத்த காற்று சில நாள் விடாமல் வீசுகிறது. அங்கே எழும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பயணப்பட்டு, சில நாள் கழித்து நம் கரைக்கு வருகின்றன. பெரும்பாலும் சித்திரை, வைகாசியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால். இங்கே காற்று இருக்காது. மேகம் இருக்காது. கொளுத்தும் வெயில், பள்ளி விடுமுறை, முட்டத்திலும் சொத்தவிளையிலும் சங்குத்துறையிலும் கூட்டம். வெக்கை தாங்காமல் கால் நனைக்க வந்தவர்கள்.

இந்தக் கடலைப் பார்த்து யாராவது சீற்றம் என்பார்களா? சீற்றம் கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது. பாம்பு சீறினால் நாம் விலகுகிறோம், அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2017-ல் ஒக்கிப் புயல் வந்தபோது கடல் சீறியது, சரி. ஆனி ஆடியில் கடல் சீறுகிறது, அதுவும் சரி. அப்போது கரையில் நிற்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட இறங்கக் கூடாது என்று தெரியும். கள்ளக்கடலில் அப்படிச் சட்டென்று தெரியும் அடையாளம் கிடையாது. "கடல் சீற்றம்" என்று படித்துவிட்டு வருகிறவர் கரையில் நின்று பார்க்கிறார், கடல் அமைதியாகத்தான் இருக்கிறது, எச்சரிக்கை முடிந்துவிட்டது போல என்று இறங்குகிறார். சொல் அவரைத் தடுக்கவில்லை, இறங்கச் சொல்லிவிட்டது.

கரையில் நின்று கவனித்தால் வித்தியாசம் பிடிபடும். உள்ளூர்க் காற்றில் எழும் அலைகள் சில நொடிக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். கள்ளக்கடல் அலைகளுக்கு இடையே பதினைந்து, இருபது நொடிகூட இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் தண்ணீர் வடிந்து ஈர மணல் பளபளக்கும். அங்கேதான் ஆட்கள் இறங்கி நின்று படம் எடுக்கிறார்கள். அடுத்த அலை உயரமாக இருக்க வேண்டும் என்று இல்லை. நீளமானது, அதனால் நிறையத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும், திரும்பும்போது அதே பலத்தோடு இழுக்கும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்காது. அந்த நாள்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது.

இன்னொரு பக்கம், கள்ளக்கடல் மலையாளச் சொல், நமக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதில் எது மலையாளம்? "கள்ளத்தால் கள்வேம்" என்று குறளிலேயே இருக்கிறது. கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரு மொழிக்கும் பொதுவான வேர்ச்சொற்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தக் கரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. எல்லைக்கோடு பிறகு வந்தது. நம் வள்ளவிளைக்கும் கேரளத்துப் பொழியூருக்கும் ஒரே கடல்.

கள்ளநோட்டு, கள்ளச்சாவி போல "போலிக் கடல்" என்று பொருள் வந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஆனால் கள்ளப்பார்வை போலிப் பார்வை இல்லையே. மறைவாக, தெரியாமல் என்ற பொருளும் அந்தச் சொல்லில் உயிரோடுதான் இருக்கிறது.

மாற்றாகச் சொல்லும் சொற்களையும் பார்த்துவிடலாம். "ஆழிப்பேரலை"யை 2004-க்குப் பிறகு சுனாமிக்குக் கொடுத்துவிட்டோம். மணக்குடிப் பாலத்தை அடித்துக்கொண்டுபோனதும் இதுவும் ஒன்றல்ல. அது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. "ஓதம்" அருமையான பழஞ்சொல், எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது நிலவோடு ஏறி இறங்கும் கடலுக்கு உரியது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்தால் கள்ளக்கடல் வீட்டு வாசல் வரை வரும், அவ்வளவுதான் உறவு. "பேரலை எழுச்சி" ஆங்கிலத்திலிருந்து அகராதியில் வார்த்தைக்கு வார்த்தை தேடி ஒட்டியது. எழுச்சி மாநாட்டுக்குப் பொருந்தும். கடற்கரையில் ஒருவர்கூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "கடல் ஏறிட்டு" என்று சொல்கிற ஊரில் இதற்கு என்ன வேலை?

வானிலைத் தமிழ் முழுக்கவே இந்த நோய் இருக்கிறது. "வெப்ப அலை" என்றால் கோடையில் பல நாள் விடாமல் கொளுத்துவது என்று யாருக்கு விளங்கும்? கடற்கரை ஊர்களுக்கு, சமவெளிக்குரிய 40 டிகிரி இல்லை, 37 டிகிரியே வெப்ப அலைக்கான வரம்பு என்பதை யாரும் தமிழில் விளக்குவதில்லை. "தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வரி இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் கள்ளக்கடலைக் கள்ளக்கடல் என்றே எழுதட்டும். விளக்கம் வேண்டுமென்றால் அதற்கும் நல்ல தமிழ் இருக்கிறது. கடற்கரைப் பலகைகளில் இப்படி எழுதலாம்: "இன்று கள்ளக்கடல். கடல் அமைதியாகத் தெரியும், நம்ப வேண்டாம். ஈர மணலில் கால் வைக்காதீர்கள். வள்ளத்தை மேலே ஏற்றிக் கட்டுங்கள்."